உடையாத ஜெல்

அந்தக் குழுவில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் முதல் வாரத்தில் ஒரு தடவையாவது அவரிடம் போய், "மாஸ்டர், ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அவர் டீ மாஸ்டர் இல்லை, ஜெல் மாஸ்டர். எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்குகிற டீசலை, கரண்டியில் அள்ளினால் அப்படியே நிற்கிற பதத்துக்கு இறுக்கிக் கொடுப்பவர்.

டீசலை எதற்கு இறுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அவர் சலிக்காமல் சொல்வார். அந்தப் பக்கத்துப் பாறைக்குத் தண்ணீர் ஆகாது. தண்ணீர் பட்டால் உள்ளே இருக்கிற களிமண் ஊதி, இருக்கிற துவாரத்தையும் அடைத்துக்கொள்ளும். அதனால் தண்ணீருக்குப் பதில் டீசல். அதை அழுத்தி அனுப்பினால் பாறை விரிசல் விடும். கூடவே போகிற மணல் விரிசலுக்குள் நின்று, அது மூடிக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கும். அந்த வழியாகத்தான் எண்ணெய் வர வேண்டும். வெறும் டீசல் மணலைச் சுமக்காது, பாதி வழியிலேயே போட்டுவிடும். அதனால்தான் ஜெல். ஆனால் மணலைக் கொண்டு சேர்த்த பிறகும் ஜெல் இறுகியபடியே இருந்தால் எண்ணெய் வரும் வழியை அதுவே அடைத்துவிடும். அதற்காக ஒரு வெள்ளைப் பொடியையும் கூடவே கலந்து விடுவார்கள். கீழே இருக்கிற சூட்டில் அது மெதுவாக வேலை செய்து, மறுநாளுக்குள் ஜெல்லைப் பழையபடி டீசலாக உடைத்துவிடும்.

"கல்யாணத்தையும் பண்ணி வெச்சிட்டு, அன்னிக்கே பிரிச்சு விடறதுக்கும் தேதி குறிக்கிற வேலைடா நம்ம வேலை" என்று மாஸ்டர் சொல்வார். இதைச் சொல்லாமல் அவர் யாருக்கும் வேலை கற்றுக்கொடுத்ததில்லை.

பொடியைக் கவனிக்கிற வேலை அவருடைய மச்சினனுக்கு. மாஸ்டர் அவனை மச்சான் என்று கூப்பிட்டதைக் கேட்டு டிரைவர்கள், பம்ப் ஆட்கள், சூப்பர்வைசர் வரைக்கும் மச்சான் என்றே கூப்பிட ஆரம்பித்து, அவன் குழுவுக்கே மச்சானாகிவிட்டான். முப்பது வயதுக்குள் அவன் பார்க்காத வேலை இல்லை, நிலைத்த வேலையும் இல்லை. அக்கா வீட்டு முன்னறையில் படுத்துக்கொண்டு, இந்த ஒரு வேலையில்தான் காலூன்றியிருந்தான். பொடி இருக்கிற தொட்டியின் பக்கத்தில் ஒரு குச்சியோடு நின்று, பொடி கட்டி தட்டாமல் குத்தி விட வேண்டும். தொட்டியின் அடியில், விழுகிற பொடியைக் கூட்டிக் குறைக்கிற திருகை மாஸ்டர் சொன்ன அளவில் வைக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. அதை அவன் தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்துக்கொள்வது போலப் பார்த்துக்கொண்டான்.

அன்றைக்குக் காலையில் தூறல். தார்ப்பாய்க்குக் கீழே டீசல் வாடை அடைத்துக்கொண்டு நின்றது. மாஸ்டருக்கு அன்று மனசு சரியில்லை. போன கிணற்றில் ஜெல் நேரத்துக்கு முன்னாலேயே உடைந்து, மணல் மொத்தமும் குழாய்க்குள் இறங்கி அடைத்துக்கொண்டது. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும், "மாஸ்டர்னு பேர் மட்டும் இருந்தா போதுமா?" என்று கேட்டுவிட்டார்.

பம்புகள் ஓட ஆரம்பித்து, மணல் போய்க்கொண்டிருந்த நேரம். மச்சான் வாடை தாங்காமல் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்னடா, தலைவலியா?"

"லேசா மாமா. ஒண்ணுமில்ல."

"போய் ஒரு டீ குடிச்சிட்டு வா. நான் பாத்துக்கறேன்."

"பம்பு ஓடறப்போ போகக் கூடாதே மாமா."

"நான்தானே சொல்றேன். போ."

அவன் போனதும் மாஸ்டர் தொட்டியின் பக்கத்தில் நின்றார். இந்தப் பொடிதானே போன தடவை நம் மானத்தை வாங்கியது என்று நினைத்தார். கை தானாகப் போய்த் திருகைக் கீழே இறக்கியது. கொஞ்ச நேரத்துக்குத்தான், மணல் பத்திரமாகப் போய்ச் சேரும் வரைக்கும்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அதற்குள் மணல் இறங்குகிற பெட்டி அடைத்துக்கொண்டது என்று கூச்சல். ஓடினார். டீ குடிக்கப் போனவனும் பாதி டம்ளரைக் கொட்டிவிட்டு அங்கேயே ஓடி வந்தான். இரண்டு பேரும் மண்வெட்டியோடு மல்லுக்கட்டி அடைப்பை எடுத்து முடித்தபோது வேலையே முடியப் போகிற நேரமாகிவிட்டது.

பம்புகள் நின்ற பிறகு மாஸ்டர் தொட்டியிடம் வந்தார். திருகு இறக்கி வைத்த இடத்திலேயே இருந்தது. யாரும் பார்க்கவில்லை. அவர் அதைப் பழைய அளவுக்கே ஏற்றி வைத்தார். இறக்கியதைப் பயம் என்று சொல்லலாம். ஏற்றியதற்கு என்ன பேர் சொல்வது என்று அவருக்குப் பிறகும் தெரியவில்லை.

குழாயில் கடைசியாக வருகிற ஜெல்லில் ஒரு பாட்டில் பிடித்துச் சுடுதண்ணீரில் வைத்துப் பார்ப்பது அவர்களுடைய வழக்கம். கிணற்றுக்குள் நடப்பதுதான் பாட்டிலுக்குள்ளும் நடக்கும். சாய்த்தால் ஜெல் வாய்க்கு வெளியே நாக்கை நீட்டிவிட்டு மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டால், இன்னும் உடையவில்லை. தண்ணியாக ஓடினால் உடைந்துவிட்டது. சோதனை அறையில் இருந்த சுடுதண்ணீர்ப் பெட்டி கெட்டுப் போய் வெகு நாளாகிறது. சூப்பர்வைசரைக் கேட்டால் "நாளைக்கு வந்துடும்" என்பார். அதனால் மாஸ்டர் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார். வீட்டில் ஒரு பழைய ஹாட்பாக்ஸ் இருந்தது. அடுப்புக்கு எட்ட, ஜன்னல் மேடையில் அதை வைத்து, கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து அவர் மனைவி மாற்றி மாற்றி ஊற்றுவாள்.

"என் பிள்ளைங்களுக்குக்கூட இவ்வளவு வெந்நீர் வெச்சதில்ல. வாடையப் பாரு, வீடா பெட்ரோல் பங்கான்னு தெரியல" என்று அவள் அன்றைக்கும் திட்டிக்கொண்டேதான் ஊற்றினாள்.

மறுநாள் கிணற்றைத் திறந்தார்கள். ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்கு வந்து பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தார். ஜெல் நாக்கை நீட்டியது, உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் மூடியைப் போட்டுப் பாட்டிலை மறுபடி தண்ணீருக்குள் வைத்தார்.

மச்சான் கொஞ்சம் பிந்தி வந்தான். கை கால் கழுவாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்னடா ஆச்சு?" என்று அக்கா கேட்டாள்.

"பொடி ஒரு மூட்டை முழுசா மிஞ்சியிருக்குக்கா. மிஞ்சவே கூடாது. திருகு சரியாத்தான் இருக்கு. ஈரத்துல கட்டி தட்டி நின்னிருக்கும். நான் குத்தி விடல."

"நீ எங்க போய்த் தொலைஞ்ச?"

அவன் மாஸ்டரைப் பார்த்தான். "எங்கயும் போகல. அங்கயேதான் நின்னேன். நின்னுக்கிட்டே தூங்கியிருப்பேன் போல."

மனைவி உள்ளே போனதும் மாஸ்டர் தாழ்ந்த குரலில், "டீ குடிக்கப் போனதச் சொல்லலியா?" என்றார்.

"சொன்னா உங்களத்தானே மாமா பிடிப்பாங்க? பம்பு ஓடறப்போ ஆள வெளிய அனுப்பினது யாருன்னு கேப்பாரு. போன கிணத்துலயே உங்கள அவ்வளவு பேசினாரு. எனக்காகப் பாவம் பாத்து அனுப்பினீங்க, அதுக்கு நீங்க எதுக்குப் பேச்சு வாங்கணும்? திரும்பி வந்ததும் நான் தொட்டியப் பாத்திருக்கணும். தப்பு என் மேலதான். மூட்டை மிஞ்சினத நானே சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டேன்."

"நீயே எதுக்குடா போய்ச் சொன்னே?"

"மறைச்சா கிணறு வந்துடுமா மாமா?"

அவன் வேண்டுமென்று குத்திப் பேசுகிறவன் இல்லை. மனசில் பட்டதைச் சொன்னான், அவ்வளவுதான். மாஸ்டருக்கு அது நெஞ்சில் தைத்தது.

"சூப்பர்வைசர் என்ன சொன்னாரு?"

"நாளைக்குப் பாட்டிலக் கொண்டு வரச் சொன்னாரு. உடையலன்னா கணக்கு முடிச்சுக்கிட்டுப் போயிடுன்னாரு." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "உடைஞ்சிருக்கா மாமா?" என்றான்.

"இன்னும் நேரம் இருக்கு" என்றார் மாஸ்டர்.

அக்கா சோறும் பருப்பும் ஆளுக்கொரு முட்டையும் போட்டு வைத்தாள். மச்சான் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கையை உதறினான். அக்கா அவனை உட்கார வைத்துத் திட்டினாள். ஒரு வேலையில் ஒழுங்காக இருக்கத் துப்பில்லை, அவர் முகத்துக்காக உன்னைச் சேர்த்தார்கள், அவர் பேரையும் சேர்த்துக் கெடுத்துவிட்டாயே என்று பொரிந்து தள்ளினாள். அவன் தலையைக் குனிந்து, "ஆமாக்கா, ஆமாக்கா" என்று கேட்டுக்கொண்டான். மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து தன் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டார். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே என்று பயந்து, மோர் ஊற்றி மறுசோறும் சாப்பிட்டார்.

அக்காவும் தம்பியும் கடைக்கு என்று வெளியே போன நேரத்தில் அவர் எழுந்தார். கதவுக்குப் பின்னால் துவைக்கப் போட்டிருந்த தன் வேலை உடுப்பை எடுத்தார். பொடி வேலை செய்கிறவர்களின் பையில் எப்போதும் கொஞ்சம் பொடி தங்கியிருக்கும். பையை வெளியே இழுத்து, தையலில் ஒட்டியிருந்ததையெல்லாம் பாட்டிலுக்குள் உதறினார். மூடியைப் போட்டுக் குலுக்கினார். புதிதாகத் தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றினார். திருட்டு வேலைக்குப் பழக்கமில்லாத கை, ஜன்னல் மேடையெல்லாம் தண்ணீரையும் பொடியையும் சிந்தியது.

காலையில் பாட்டிலில் டீசல் தளதளவென்று ஆடியது. மச்சான் அதைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்தான். இன்னொரு தடவை சாய்த்தான். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டான்.

"உடைஞ்சிருச்சு மாமா! என் மேல தப்பில்ல மாமா!"

"நான்தான் சொன்னேன்ல" என்றார் மாஸ்டர். அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

கிணற்றடியில் சூப்பர்வைசர் பாட்டிலை ஒரு குவளையில் ஊற்றிப் பார்த்தார். "ஜெல் உடைஞ்சிருக்கு. மூட்டை எப்படி மிஞ்சுச்சோ போகட்டும். ஜெல்லு சரின்னா பாறைதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு, பின்னால் திரும்பி, "என்ன மேடம்?" என்றார்.

பாறை மேடம் என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த அம்மாள்தான் இந்த இடத்தில் கிணறு போடலாம் என்று சொன்னவள். கம்பெனியில் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றபோது ஒற்றை ஆளாக நின்று வாதாடியவள். அவள் குவளையை வாங்கி, விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள்.

"இந்தப் பாறை அப்படிப்பட்டது இல்லைங்க. கையில வெச்சுப் பாத்த கல்லு. எண்ணெய் வாசனையே வந்துச்சு."

"வாசனைய வெச்சுக்கிட்டு என்ன மேடம் பண்றது? நாளைக்கு சிமெண்ட் லாரி வருது. மூடிட வேண்டியதுதான். ஆபீஸ்ல உங்களக் கூப்பிடுவாங்க, பதில் சொல்லிக்குங்க."

அவள் குவளையைக் கீழே வைத்தாள். கைக்குட்டையால் விரலைத் துடைத்தவள், துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றாள். மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெல்லை உடைக்கப் பொடி இருக்கிறது, பழியை உடைக்க ஒன்றும் இல்லை, ஒருவர் தலையிலிருந்து இறங்கினால் இன்னொருவர் தலையில்தான் உட்காரும் என்பது அவருக்கு அப்போது விளங்கியது. கீழே கிணறு சாகவில்லை. கொஞ்சம் டீசலில் பொடியைக் கரைத்து இறக்கி, ஒரு நாள் ஊற விட்டால் பிழைத்துக்கொள்ளும். அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

அன்று மத்தியானத்தோடு வேலை முடிந்ததென்று எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். மச்சான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுக்க நின்றுவிட்டான். மாஸ்டர் தனியாக வீட்டுக்கு வந்தார். மனைவி தட்டை வைத்து, வழக்கமில்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"காலையில உங்க உடுப்பத் துவைக்க எடுத்தேன். பை வெளிய தொங்கிக்கிட்டிருந்துச்சு. ஜன்னல் மேடையெல்லாம் தண்ணி, வெள்ளையா பொடி. நான் துடைச்சிட்டேன்."

அவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார்.

"எனக்கு எல்லாம் புரிஞ்சுது. யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். அந்தத் தறுதலை பண்ணின தப்ப மறைக்க, இத்தனை வருஷத்துல ஒரு பொய் சொல்லாத மனுஷன் இப்படிப் பண்ணியிருக்கீங்க. என் தம்பிக்காக..." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் உங்களுக்கு என்ன செஞ்சு இதைத் தீர்ப்பேன்?"

இத்தனை வருஷத்தில் அவள் அவருக்கு நன்றி சொன்னதே இல்லை, சண்டைதான் போட்டிருக்கிறாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இது தாங்கவில்லை.

"அவன் தப்புப் பண்ணல" என்றார்.

"பின்ன?"

"நான்தான் திருகை இறக்கினேன். அவன டீ குடிக்க அனுப்பிட்டு இறக்கினேன். அப்புறம் யாருக்கும் தெரியாம ஏத்தி வெச்சேன். என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாதுன்னு அவன் டீ குடிக்கப் போனதக்கூடச் சொல்லல."

அவள் கண்ணைத் துடைத்த கை அப்படியே நின்றது. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நேத்து அவன் சோத்துல கைய உதறிட்டு எந்திரிச்சானே" என்றாள். "நான் அவன அவ்வளவு பேசினேனே. நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"மோர் ஊத்திச் சாப்பிட்டீங்க."

அவள் எழுந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள். சாப்பிட்டு முடித்தீர்களா என்று கேட்கவில்லை.

உள்ளேயிருந்து, "இப்பவே போங்க. சிமெண்ட் ஊத்தறதுக்கு முன்னால போங்க. அவன் அங்கதானே இருக்கான், அவன் காதுல விழற மாதிரி சொல்லுங்க" என்று மட்டும் குரல் வந்தது.

அவர் போனார். கிணற்றடி டீக்கடையில் எல்லோரும் இருந்தார்கள். அவர் நின்றபடியே சொன்னார். திருகை இறக்கியது, ஏற்றியது, பாட்டிலில் பொடி போட்டது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி ஏசினார். அதெல்லாம் மாஸ்டர் காதில் ஏறவில்லை. மச்சான் கையில் இருந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்தான்.

"திருகை இறக்கினீங்க, சரி. பயந்துட்டீங்க. நானா இருந்தாலும் பயந்திருப்பேன். ஆனா ராத்திரி முழுக்க நான் என்னையே கேட்டுக்கிட்டுக் கிடந்தேன், எங்கடா விட்டோம், எங்கடா விட்டோம்னு. நீங்க பக்கத்து ரூம்லதானே படுத்திருந்தீங்க?" என்றான்.

"மச்சான்..."

"வந்து கதவத் தட்டியிருக்கலாமே."

அவ்வளவுதான் சொன்னான். பிறகு சூப்பர்வைசரிடம், "பொடி கரைக்கணும்னா நான் கரைக்கிறேன் சார்" என்று எழுந்து போனான்.

சிமெண்ட் லாரியைத் திருப்பி அனுப்பினார்கள். பொடி கரைத்த டீசலை இறக்கி, ஊற விட்டுத் திறந்தார்கள். முதலில் வெறும் டீசல் வந்தது, பிறகு கறுப்பு கலந்து வந்தது, அப்புறம் கிணறு தன் மூச்சிலேயே தள்ள ஆரம்பித்தது. பாறை மேடம் ஒரு பாட்டிலில் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். மாஸ்டர் தூரத்தில், கேட்டுக்கு வெளியே நின்று பார்த்தார். அவருக்கு உள்ளே வர அனுமதி இல்லை. அவள் இவர் பக்கம் திரும்பினாள். சிரிக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அதற்கு மேல் எதிர்பார்க்க அவருக்கு உரிமையும் இல்லை.

வேலை போனது. டவுனில் ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலந்து கொடுக்கிற வேலை கிடைத்தது. மச்சான் வீட்டை விட்டுப் போய்விடுவான் என்று நினைத்தார், அவன் போகவில்லை. முன்னறையிலேயே படுத்தான், அதே தட்டில் சாப்பிட்டான். கேட்டதற்குப் பதில் சொன்னான். மாமா என்றும் கூப்பிட்டான். மனைவியும் முன்போலத் திட்ட ஆரம்பித்துவிட்டாள். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் மெல்ல நம்பத் தொடங்கினார்.

ஒரு நாள் சாயங்காலம் மச்சான் வேலை உடுப்போடு வந்தான். ஜெல்லைப் பார்த்துக்கொள்கிற வேலையே இப்போது அவனுக்குத்தான். கையில் ஒரு பாட்டில். நல்ல ஜெல், பார்த்தவுடனேயே மாஸ்டருக்குத் தெரிந்தது. சாய்த்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது. ஜன்னல் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

மச்சான் அவரைத் தாண்டிப் போய் ஹாட்பாக்ஸுக்குள் பாட்டிலை வைத்து, கெட்டில் தண்ணீரை ஊற்றி, மூடினான்.

"அக்கா, நாளைக்குக் காலையில எடுத்துக்கறேன்" என்றான். குரலில் கோபம் எதுவும் இல்லை, வேலை விஷயம் சொல்கிற குரல்தான். "அதுவரைக்கும் இத யாரும் தொடக் கூடாது, பாத்துக்க."

"சரிடா, நான் பாத்துக்கறேன்" என்றாள் அவள்.

மாஸ்டர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு எழுந்து, தன் நாற்காலியை ஜன்னலிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார்.